கல்யாணச் சுவரில் பாறைத்தோடு

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுவதும் வனத்துறை அலுவலகத்தில் கூட்டம். ‘நீடித்த அறுவடை’ என்று எங்கள் இயக்குநர் சொல்லும்போது முதல் சொல்லை விழுங்கிவிட்டு இரண்டாவது சொல்லில்தான் குரலை உயர்த்துகிறார். அவரை இந்த நோட்டில் நாற்காலி என்றே எழுதுவேன். மனிதரைவிட நாற்காலிக்குத்தான் அந்த அறையில் வேலை அதிகம்.

பாறைத்தோட்டின் படத்தைத் திரையில் காட்டினார். படம் தலைகீழாக இருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. தலையாட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள்.

கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பாறைத்தோடு மண்ணில் வளராது. ஈரமான செங்குத்துப் பாறையில் பூண்டுப்பல் மாதிரி ஒட்டிக்கொண்டு வாழும். விதை விழுந்து முதல் பூ வர எட்டு, ஒன்பது வருடம் ஆகும். காதுத்தோடு அளவில் மஞ்சள் பூ, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த அழகுதான் அதற்கு வினை. கிழக்குப் பாறையில் சில குடும்பங்களுக்குப் பூத்தண்டு வெட்ட அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான்கைந்து தண்டு விட்ட கொத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் கத்தியால். ஒற்றைத் தண்டைத் தொடக்கூடாது. வேரில் கை வைத்தால் அனுமதி போச்சு. மேற்குப் பாறை முழுக்க விதைக்கு விட்டது, அங்கே யாருமே போகக்கூடாது.

மூன்று வருடமாக இது ஒழுங்காக நடக்கிறது. நடப்பது நாற்காலிக்குத் தெரியாததால்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வந்தாள். மகள் கல்யாணப் பத்திரிகை ஒரு கையில், போன் மறு கையில். அவள் தொழிலே கல்யாண மேடை அலங்காரம். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பூவைக் கொட்டியவள், சொந்த மகளுக்குக் கொட்டாமல் இருப்பாளா?

போனில் ஒரு படம் காட்டினாள். மணமக்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர். சுவர் முழுக்க மஞ்சள்.

“பாறைத்தோடு அக்கா. வெட்டின பூ இல்ல, உயிரோட செடி. இதுவரைக்கும் யாருமே பண்ணதில்ல.”

“யாரும் பண்ணாததுக்கு ஒரு காரணம் இருக்கும்டி.”

“நர்சரியில வளர்த்தது. ஏஜென்ட் சொல்லிட்டான். உன் ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் மட்டும் குடுத்தா போதும்.”

நர்சரியாம்! எங்கள் ஆய்வகமே முயன்று கைவிட்ட விஷயம். புட்டியில் முளைத்தது, புட்டியிலேயே செத்தது. இவளுடைய ஏஜென்ட் எங்கோ தகரக் கொட்டகையில் சுவர் சுவராக வளர்த்துவிட்டானாம். லெட்டர் கிடையாது என்றேன். பிளாஸ்டிக்கில் செய்துகொள், உன் வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் சொன்னேன். முகம் சிவந்து போய்விட்டாள்.

ஏஜென்ட் வேறு ஏதோ மஞ்சள் பூவைத் தலையில் கட்டப்போகிறான். நன்றாக ஏமாறட்டும்.

மார்ச் 10

‘பிளாஸ்டிக்’ என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இவர், என் வீட்டுக்காரர், சொல்கிறார். பல் பிடுங்குவதைத் தவிர வேறு எதிலும் அவசரப்படாத பல் டாக்டர், இதற்கு மட்டும் அவசரப்படுகிறார். கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாப்பிட உட்காரும்போது கயிற்றுக்காரி போன் செய்தாள். கிழக்குப் பாறையில் கயிற்றில் இறங்கித் தண்டு வெட்டுகிறவர்களுக்கு அவள்தான் தலைவி. அளந்து பேசுகிறவள்.

“மேடம், மேற்குப் பாறையில ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமேன்னா?”

“ஒண்ணுமேன்னா ஒண்ணுமே.”

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு கொத்தாவது விட்டிருப்பார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். பாறையைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறார்கள். பாசியோடு, வேரோடு, குஞ்சுச் செடிகளோடு. தோலுரித்த மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது பாறை. கீழே மிதிபட்ட செடிகள் காய்ந்துபோய்க் கிடந்தன. பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தேன் — எதற்குப் பொறுக்கினேன்?

கயிற்றுக்காரி பக்கத்தில் நின்றாள். “எங்க ஆளுங்க இல்ல மேடம்” என்று மட்டும் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. அதற்குள் அவளுக்கே அதைச் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாற்காலி விசாரணையை முடித்துவிட்டார். இருக்கையை விட்டு எழாமலேயே.

“கயிறு கட்டி இறங்கத் தெரிஞ்சவங்க யாரு? உங்க ஆளுங்கதானே?”

“வெட்டுறவங்க சார். பிடுங்குறவங்க இல்ல.”

“ரெண்டும் கைதானேம்மா செய்யுது.”

என்ன ஒரு தத்துவம்! இதைக் கேட்கத்தான் மரம் அறுத்து அவருக்கு மேசை செய்து போட்டிருக்கிறார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் அனுமதி நிறுத்தம். செய்தது யார் என்று தெரிந்தால் மறுபரிசீலனையாம். யார் கண்டுபிடிப்பது என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கண்டுபிடிக்கும் போலிருக்கிறது.

ஏப்ரல் 25

இவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “உன் தங்கச்சி சுவர் என்னாச்சு?”

அப்படியே நின்றுவிட்டேன். ஒன்றரை மாதமாக எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அவளை மட்டம் தட்டுவதில் அவ்வளவு குறியாக இருந்திருக்கிறேன். அவள் ஏமாறுவாள் என்று நினைத்தேன். ஏஜென்ட் உண்மையான சரக்கையே கொடுப்பான் என்று ஒரு நிமிடமாவது யோசித்தேனா?

ஏப்ரல் 26, சனி

தங்கையின் கிடங்குக்குப் போனேன். இரும்பு அடுக்குகளில் ஈரச் சாக்கு விரித்து, மின்விசிறி போட்டு, வரிசை வரிசையாக என் மேற்குப் பாறை இருக்கிறது.

சரியாகத்தான் பராமரித்திருக்கிறாள். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பில் இருக்கு அக்கா. நர்சரின்னு தெளிவா போட்டிருக்கு.”

“பில்லுல செடி வளருமாடி?”

“கத்தாத. ஆளுங்க இருக்காங்க.”

“இந்த வேர்ல பாரு, கல்லு. எந்த நர்சரியில கல்லுல ஒட்டி வளர்க்கிறான்?”

வேரைப் பார்த்தாள். பார்த்தது தெரிந்தது. பிறகு குரலை இறக்கி, சின்ன வயதில் என் பென்சிலை எடுத்துவிட்டுக் கெஞ்சும் அதே குரலில் சொன்னாள்: “கல்யாணம் முடியட்டும். ஒரே ஒரு நாள். அப்புறம் எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ.”

ஏஜென்ட் யார் என்றேன். தெரியாது என்றாள். “உன் கயித்துக்காரிங்களையே கேளு.”

அந்த ஒரு நாள் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மண்டப விளக்குச் சூட்டில், குளிர்சாதனக் காற்றில், ஆணி அடித்த பலகையில் ஒரு பகல், ஒரு இரவு. அப்புறம் நான் எடுத்துக்கொள்ள வேண்டியது குப்பையைத்தான்.

பெரியம்மா, பெரியம்மா என்று என் காலைச் சுற்றி வளர்ந்த பெண்ணின் கல்யாணம். என்ன செய்ய?

ஏப்ரல் 28, திங்கள்

செய்தேன்.

இரண்டு காவலர்கள், ஒரு லாரி. பறிமுதல் தாளில் நானே கையெழுத்திட்டேன். வேறு யாராவது போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் செடிகளை மூட்டை மாதிரி எறிந்திருப்பார்கள். அவளையும் வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

“சொந்த அக்காதானா நீ?”

“அதனாலதான் நானே வந்தேன்.”

அவள் அதற்குச் சொன்னதையெல்லாம் எழுதப்போவதில்லை. பாதி நியாயம், பாதி வாய்.

கல்யாணப் பெண் உள்ளேயிருந்து வந்தாள், கையில் அளவு பார்க்க ஊசி குத்தி வைத்த ரவிக்கை. அடுக்குகள் காலியாவதைக் கடைசி அடுக்கு வரைக்கும் பார்த்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

“பெரியம்மா, நீங்க என் கல்யாணத்துக்கு வர வேண்டாம்.”

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? லாரியில் செடிகளோடு பின்னால்தான் உட்கார்ந்து வந்தேன். முன்னிருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுநர் பேச்சுக் கொடுப்பான்.

மே 4, ஞாயிறு

கல்யாணம். இவரை மட்டும் அனுப்பினேன்.

மாலையில் வந்து செருப்பைக் கழற்றினார். மேடைக்குப் பின்னால் வெறும் வெள்ளைத் துணியாம், நன்றாகத்தான் இருந்ததாம். “உன்னைப் பத்தி நிறைய பேர் கேட்டாங்க. காய்ச்சல்னு சொன்னேன்.” “தங்கச்சி என்ன சொன்னா?” “அவளும் காய்ச்சல்னுதான் சொன்னா.”

ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே பொய். இந்தக் குடும்பத்தில் ஒற்றுமைக்குக் குறைவில்லை.

மே 7

செடிகள் அலுவலகத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. காலையும் மாலையும் நானே தண்ணீர் தெளிக்கிறேன். போகிற வருகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள்.

நாற்காலி கூப்பிட்டார். விதிப்படி, பறிமுதல் செய்த காட்டுச் செடிகளை எரித்து அழிக்க வேண்டுமாம். திருடனிடமிருந்து மீட்ட குழந்தையை விதிப்படி கிணற்றில் போடச் சொல்கிற மாதிரி இருந்தது.

“எழுத்துல குடுங்க சார்.”

பேனாவின் மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடியை மறுபடி மூடினார்.

“மழைக்காலம் வரைக்கும் பாருங்க.”

முப்பது வருட உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இது. அவரைப் போன்றவர்களிடம் எதையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

மே 12, திங்கள்

முதல் மழை நேற்று பெய்தது. பாறை நனைந்துவிட்டது, செடிகளைத் திரும்ப ஒட்டலாம். கயிற்றுக்காரியும் நான்கு பெண்களும் வந்தார்கள். கூலி வேண்டாம் என்றார்கள். “எங்க மேல விழுந்த பழி போனா போதும் மேடம்.”

சில கொத்துகளைக் கட்டிப் பார்த்தோம். எதில் கட்டுவது? வழவழவென்று செங்குத்தாக நிற்கும் பாறை. கயிறு நழுவுகிறது, கொத்து சரிகிறது. மாலைக்குள் முக்கால்வாசி கீழே விழுந்துவிட்டன. இவர்களுக்கு வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியாது. எனக்கு இரண்டும் புத்தகத்தில்தான் தெரியும்.

செங்குத்தான சுவரில் கனமான எதையும் விழாமல் நிறுத்தத் தெரிந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அதையே பிழைப்பாக வைத்திருக்கிறாள். அவளிடம் போய் நிற்பதா? செத்தாலும் மாட்டேன்.

மே 15, வியாழன்

இவர் இன்று சிரித்துக்கொண்டே வந்தார். தங்கைக்குக் கடைவாய்ப் பல் வலியாம், மருத்துவமனைக்கு வந்தாளாம்.

“வாயில கருவியை வெச்சு நல்லா திறந்து வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். பாறை, கயிறு, விழுறது, நீ தாழ்வாரத்துல தண்ணி தெளிக்கிறது. பதில் பேச முடியாதில்ல.”

“அவ என்ன பண்ணா?”

“முறைச்சா. பல்லை எடுத்தப்புறமும் முறைச்சா.”

என்னைக் கேட்காமல் எதற்குச் சொன்னீர்கள் என்று சண்டை போட்டேன். ரொம்ப நேரம் போடவில்லை.

மே 17, சனி

காலையில் மேற்குப் பாறைக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு வேன் நிற்கிறது. சாரக் கம்பிகள், ஏணிகள், சுருள் சுருளாகத் தேங்காய் நார் வலை, மேடை கட்டும் ஆட்கள் ஆறு பேர். நடுவில் தங்கை, ஒரு கன்னம் வீங்கி.

என்னைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு இடமும் அந்தச் செடிங்கதானா?” யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

“இவ்வளவும்” என்றாள் கயிற்றுக்காரி.

“என் சுவருக்குப் பத்தாதுன்னு இன்னும் கேட்டிருந்தேன்.”

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒன்று வந்தது. கடித்துக்கொண்டேன்.

பிறகு வேலை. அப்பப்பா, அந்த அதட்டல்! பாறை வெடிப்புகளில் மர முளை அடித்து, நார் வலையை இழுத்துக் கட்டச் சொன்னாள். கொத்தை வலைக்கும் பாறைக்கும் நடுவில் சொருகி, பழைய பருத்தித் துணிக் கிழிசலால் ஒரு முடிச்சு. வேர் பாறையில் பிடித்த பிறகு துணி தானே மக்கி உதிர்ந்துவிடும். இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஓர் ஆள் கட்டுக்கம்பியை எடுத்தான்.

“கம்பி வேண்டாம். துரு இறங்கினா வேர் கருகிடும்” என்றேன்.

தங்கை கயிற்றுக்காரி பக்கம் திரும்பினாள். “கம்பி வேண்டாமாம். உங்க மேடத்துக்கிட்ட சொல்லுங்க, இதை நேரா என்கிட்டயே சொல்லலாம்னு.”

“செடியை நிமிர்த்திக் கட்டாதீங்க. குருத்துல தண்ணி நின்னா அழுகிடும். தலை கீழ பார்க்கட்டும். இதையும் அவங்ககிட்ட சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்காரி கயிற்றில் இறங்கிப் போய்விட்டாள். ஆட்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அப்புறம் நேராகவே பேசினோம். எல்லாம் திட்டுதான். “கண்ணு தெரியலயா உனக்கு”, “ஏணியை விட்டு இறங்குடி, நீ விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்”, “உன் ஆபீஸ்ல ஒரு கையுறைகூட குடுக்க மாட்டாங்களா, சே.”

வெயில் சாயும்போது சாரத்தின் மேலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வீங்கிய கன்னத்தை விட்டு மறுபக்கமாகச் சாய்த்து, மெதுவாக. பிறகு ஏஜென்டின் பெயரையும் கிடங்கு இருக்கும் தெருவையும் சொன்னாள். நான் கேட்கவில்லை.

“எழுதிக் குடுப்பியா?”

“குடுக்கத்தானே வந்தேன். உனக்காக இல்ல. இவங்க பொழைப்புக்காக.”

“எனக்காகன்னு நானும் நினைக்கல.”

அவள் மகளைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அவளே சொன்னாள்: “அவ இன்னும் கோவமாத்தான் இருக்கா. நான் என்ன பண்ண.”

மே 18, மே 19, மே 20

பாறையில் வேலை. கை எரிகிறது. எழுத முடியவில்லை.

ஜூன் 6

ஏஜென்ட் பிடிபட்டான். கிடங்கில் இன்னும் இரண்டு வகைக் காட்டுச் செடிகள் இருந்தன. கிழக்குப் பாறைக் குடும்பங்களுக்கு அனுமதி திரும்ப வந்துவிட்டது.

நாற்காலி பத்திரிகைக்காரர்களை அழைத்துவந்து மேற்குப் பாறைக்குக் கீழே நின்று பேட்டி கொடுத்தார். ‘எங்கள் துரித நடவடிக்கை’ என்றார். நார் வலையைக் காட்டி ‘நவீனத் தொழில்நுட்பம்’ என்றார். கல்யாண மேடைச் சரக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு நேரமில்லை.

ஜூலை 30

மழை வெளுத்து வாங்குகிறது. ஒரு பக்க வலை அறுந்து தொங்குகிறது, அதிலிருந்தவை போயின. அழுகியவை நிறைய. தங்கை நாள் தவறாமல் போன் செய்கிறாள். “என்னாச்சு?” என்பாள். “இருக்கு” என்பேன். வைத்துவிடுவாள். இதற்கு ஒரு போன்!

அக்டோபர் 11

புது வேர். வெள்ளையாக, நூல் மாதிரி, பாறையைப் பிடித்திருக்கிறது. பாதிக்கும் குறைவான கொத்துகளில்தான். இருந்தாலும் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கிழக்குப் பாறையில் வெட்டு தொடங்கிவிட்டது. தங்கை இப்போது வெட்டிய தண்டு மட்டுமே வாங்குகிறாள், கயிற்றுக்காரியிடம் நேராக. ஒரு மேடைக்கு ஒரு கைப்பிடி. “கொஞ்சமா இருந்தாத்தான் மதிப்பு” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறாளாம், ஏதோ அவளே கண்டுபிடித்த மாதிரி. கூடவே பேரம் வேறு. கயிற்றுக்காரி என்னிடம் வந்து சொன்னாள்: “உங்க தங்கச்சி வாங்குற பூவைவிட வாய்தான் அதிகம் மேடம்.” எனக்குத் தெரியாதா?

மேற்குப் பாறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றைத் தண்டு. இன்னும் நிறைய வருடம் அங்கே கத்தி போகக்கூடாது.

மே 10, ஞாயிறு

தங்கை மேற்குப் பாறையைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். பின்னாலேயே இன்னொரு கார். மகளும் மருமகனும்.

பெண் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். ஒரு வருடம் கழித்து இதுவாவது கிடைத்ததே என்று நானும் தலையசைத்தேன். நான்கு பேரும் பாறைக்குக் கீழே நின்றோம். பூத்திருந்தது. அதிகமில்லை. கை எட்டும் உயரத்தில் ஒரே ஒரு தண்டு, அதில் மூன்று பூ.

மருமகன் நல்ல பையன், ஒன்றும் தெரியாதவன். “உனக்கு வேணுமா?” என்று பெண்ணைக் கேட்டுக்கொண்டே கையை நீட்டினான்.

“மாப்ள! கையை எடுங்க!”

பாறை முழுக்க எதிரொலித்தது. தங்கைதான். வீட்டில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் தான் நின்றுகொண்டே பேசுகிறவள். மாப்பிள்ளை முன்னால் தும்மக்கூடத் தயங்குகிறவள். “ஒத்தைத் தண்டு அது! அதைப் பிச்சிட்டா அடுத்தது எங்கேர்ந்து வரும்? உங்க வீட்டுல இருந்து கொண்டு வருவீங்களா?”

அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். தங்கைக்கு அப்போதுதான் யாரை அதட்டினோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

பெண் முதலில் அவனைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியம்மா, எங்கம்மாவை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

நறுக்கென்று ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. தோளில் அவள் கை அப்படியே இருந்தது.